நாற்பத்தேழாம் கூண்டின் நிழல்

பச்சை வண்ணம் அடித்த இரும்புக் கூண்டு அது. அதன் மேல் ஒரு தகரப் பட்டை, அதில் 47 என்ற எண், கீழே 'புங்கன்'. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதன் எதிரே நின்று செல்போனில் படம் பிடிப்பது என் வேலை. சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே உள்ள எங்கள் நகராட்சி, வெயிலைத் தணிக்கத் தெருவெல்லாம் மரம் வைக்கும் திட்டத்தை ஏற்றபோது, செயலியில் எனக்கு இரண்டு பொத்தான்கள் கொடுத்தார்கள்: 'உயிர்', 'பட்டது'. கன்றுக்கு ஊற்றத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்று அதில் யாரும் கேட்கவில்லை.

தண்ணீர் ஊற்றியவர் மோகனூர்ப் பக்கத்து லாரி அண்ணன். ஒப்பந்த வண்டி. சித்திரையில் தறிக்காரர் தெருவுக்குள் அது நுழைந்ததுமே பெண்கள் குடங்களோடு மறித்துக்கொண்டார்கள். வீட்டுக் குழாயில் தண்ணீர் வந்து வாரக்கணக்காகியிருந்தது. "ஏனுங்க, செடி குடிச்சாப் போதுங்களா? எங்க ஊட்டுல புள்ளைங்க குடிக்க வேண்டாமுங்களா?" என்றார் ஓர் அம்மா. அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தலை குனிந்துகொண்டேன். அவர் குடங்களுக்கு லாரிக் குழாயைத் திறந்துவிட்டார். அந்தக் கோடை முழுக்க அப்படித்தான் நடந்தது.

புங்கன்கள் வரிசையாகப் பட்டுப்போயின. பாதிக்கு மேல் பட்டதாக நான் பதிந்தால் லாரி ஒப்பந்தம் ரத்தாகும். லாரி நின்றால் அந்தக் குடங்களும் காலி. திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தேன். அண்ணன்தான் தன் காட்டு வேலியிலிருந்து ஒரு கட்டுக் கிளுவைக் குச்சி வெட்டிவந்து, பட்டுப்போன இடமெல்லாம் கூண்டுக்கு ஒன்றாக ஊன்றினார். "தண்ணியே வேண்டாமுங்க சார், துளுத்துக்கும். எங்க பக்கம் வேலியெல்லாம் இதுதானுங்க." சொன்னபடியே ஒரு கோடை மழைக்குத் துளிர்த்தது. கிளுவை முள்வேலிக்குத்தான் ஆகும், ஓர் ஆள் ஒதுங்க நிழல் தராது. இருவருக்கும் தெரியும். நான் 'உயிர்' என்று அழுத்தினேன். மரம் வளர்த்ததற்காக நகராட்சிக்குக் கேடயம் வந்தது. கூட்டத்தில் நானும் கைதட்டினேன். இன்றும் நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

புங்கன் என்று பதிந்ததைக் கிளுவை என்று மாற்றச் செயலியில் வழியில்லை. இல்லாத புங்கன் கோப்பில் ஆண்டுக்கு ஆண்டு வளர்ந்தது. உயரம், நிழல் பரப்பு எல்லாவற்றையும் நானே எழுதினேன்.

போன வைகாசியில் உச்சிவெயிலில் குடங்களுக்குத் தண்ணீர் பிடித்துவிட்டுக்கொண்டிருந்த அண்ணன் அப்படியே சரிந்தார். "சாமி, நெழலுக்குத் தூக்குங்க!" என்று அந்த அம்மா அலறினார். தூக்கினோம். தெருவின் இந்தக் கோடி வரை பார்த்தேன், அந்தக் கோடி வரை பார்த்தேன். கூண்டுகள்தான் நின்றன. கடைசியில் நாற்பத்தேழாம் எண்ணின் அடியில் கிடத்தினோம். பெண்கள் நான்கு பேர் சேலைத் தலைப்பை விரித்துப் பிடித்தார்கள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் அண்ணன் போய்விட்டார்.

நேற்று மறுபடியும் அந்தக் கூண்டின் முன் நின்றேன். கிளுவை தளதளவென்று இருந்தது. 'பட்டது' என்ற பொத்தானைத் தொடாமல் அதன் மேல் வெகுநேரம் விரலை வைத்திருந்தேன். பின்னால் புது ஓட்டுநர் லாரியை நிறுத்தினார். குடங்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு வரிசைக்கு வந்தன. படத்தை எடுத்து, 'உயிர்' என்று அழுத்திவிட்டு நாற்பத்தெட்டுக்கு நகர்ந்தேன்.