ரப்பர் தராத ஆலோசகர்

பென்சிலைச் சீவி நீட்டுவார். ரப்பரை மட்டும் இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிடுவார். "தப்பா போட்டா அடிச்சிட்டுப் போடுங்க. அடிச்சதும் எனக்கு வேணும்" என்பார். வேலை தேடி வருகிறவர்களின் குணம் பார்த்து, பொருத்தமான வேலையைச் சொல்கிற ஆலோசகர் இந்த அம்மா. அறுபது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 'ஆமாம்', 'இல்லை' என்று இரண்டு கட்டம். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மேசை முழுக்க அதைத் தேடுவார். "எந்த வேலை செய்யும்போது மணி பாக்க மறந்தீங்க?" என்று நடுவில் திடீரெனக் கேட்பார்.

நான் ஏழாவதோடு நின்றவன். லாரி கழுவத் தொடங்கி, இன்று ஆறு லாரிக்கு முதலாளி. எந்தக் கட்டம் எனக்கு வழி சொன்னது? என் மருமகனோ பதினோரு மாதத்தில் மூன்று விற்பனை வேலைகளை விட்டவர். மூன்றும் நான் பேசி வாங்கிக்கொடுத்தவை. மகள் பெட்டியோடு என் வீட்டுக்கு வந்துவிட்டாள். "அவர் இப்பல்லாம் என்கிட்டகூடப் பேசறதில்லப்பா." அதனால்தான் அவரை இங்கே இழுத்து வந்தேன்.

அம்மா போன் பேச வெளியே போன நேரத்தில், என்னால் சும்மா இருக்க முடியவில்லை. புது ஆட்களோடு பேசப் பிடிக்குமா என்றொரு கேள்வி; மருமகன் 'இல்லை' போட்டிருந்தார். "ஆமான்னு போடுங்க மாப்ள! இல்லன்னா எவன் வேலை குடுப்பான்?" அவர் அடித்துவிட்டு மாற்றிப் போட்டார்; அடுத்தடுத்த கேள்விகளிலும் அப்படியே.

திரும்பி வந்த அம்மா விடைகளை விட்டுவிட்டு அடித்தல்களை எண்ணினார். இருபத்தெட்டு.

"அடிக்கிறதுக்கு முன்னாடி இருக்கறது உங்க மாப்பிள்ளை. அப்புறம் இருக்கறதெல்லாம் நீங்க. உங்களுக்குத்தான் ஆறு லாரி இருக்கே ஐயா, இன்னொரு வேலை எதுக்கு?"

என்னிடம் அப்படிப் பேச இன்னொருவர் பிறந்து வரவேண்டும். மருமகன் சிரித்துவிட்டார். கல்யாணத்துக்குப் பிறகு அன்றுதான் அவர் பல்லைப் பார்த்தேன்.

அடித்த விடைகளை வைத்தே அம்மா வேலை தேடினார். மருத்துவமனையில் அறுவைக் கத்திகளையும் கத்தரிகளையும் நீராவியில் சுத்தம் செய்து, சரிபார்த்து, உறையிட்டு அடுக்குகிற அறை. ஒன்றுகூடத் தவறக்கூடாது, வாய் ஓய்வாக இருக்கலாம். மருமகன் இரண்டு வருடமாக அங்கேதான் இருக்கிறார். மகளும் திரும்பிப் போய்விட்டாள். சாயங்காலத்தில் போன் செய்தால், பின்னால் அவர் பேசுகிற சத்தம் கேட்கிறது. யாருக்கும் வளையாத முதுகு என்னுடையது. அந்த அம்மாவுக்கு வளையும்.

போன வாரம் மருமகனோடு நன்றி சொல்லப் போனேன். "வேலை எப்படிங்க இருக்கு?" என்று அம்மா அவரைக் கேட்டார்.

"பிரமாதம்மா! பெரிய டாக்டரே இவரைத்தான்..." என்று நான் தொடங்கினேன்.

அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. என் முகத்துக்கு நேராக ஒரு விரலை உயர்த்தி, மருமகன் வாய் திறக்கும்வரை இறக்காமல் வைத்திருந்தார்.