பஸ்ஸில் கேட்ட துரோகப் பாட்டு

எனக்கு வயது எழுபத்தெட்டு. நாலு பிள்ளைகளை ஒண்டியாக வளர்த்து ஆளாக்கியவள். எண்பதுகளில் ஒரு நாள் காலையில், கிள்ளான் கையுறைத் தொழிற்சாலைக்குப் போகிற பஸ்ஸில் டிரைவர் ஒரு புதுக் கேசட்டைப் போட்டார். உயிர்க் கூட்டாளி துரோகம் செய்துவிட்டாள் என்று ஒருத்தி புலம்புகிற மாதிரி உள்ளூர்ப் பாட்டு. பெண்கள் எல்லாரும் கைதட்டினார்கள். கட்டிக்கொள்ளக் கொடுத்த பச்சைச் சேலையோடு என் புருஷனையும் கூட்டிக்கொண்டு போனாயே என்ற அடி வந்ததும் தட்டிக்கொண்டிருந்த கையை மடியில் போட்டுக்கொண்டேன்.

அது என் சேலை. தைப்பூசத்துக்குக் கட்டச் சொல்லிப் பக்கத்து வீட்டுக்காரிக்கு நான்தான் கொடுத்தேன். அவளும் என் வீட்டுக்காரரும் திரும்பி வரவே இல்லை. பிள்ளைகளுக்கும் ஊருக்கும் 'அப்பாவுக்குச் சிங்கப்பூரில் கப்பல் வேலை' என்று சொல்லித் தலை நிமிர்ந்து நடந்தேன். உண்மையை ஒருத்தியிடம்தான் கொட்டியிருந்தேன், தொழிற்சாலையில் என் பக்கத்தில் நின்று அச்சிலிருந்து கையுறை உருவுகிறவளிடம். அந்தப் பாட்டைக் கட்டிப் பாடினது அவள் தம்பி.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவளை நிறுத்தினேன். "அக்கா, உங்க பேரச் சொல்லலையே லா! பிரிக்பீல்ட்ஸ் கடைங்கள்ல கேசட்டே முடிஞ்சிருச்சாம்" என்று சிரித்தாள். "போனவ சேலையோட போனா. மிச்சத்த நீ எடுத்துக்கிட்ட" என்றேன். அன்றைக்கே வேறு லைனுக்கு மாறிவிட்டேன்.

பாட்டு மட்டும் என்னை விடவில்லை. காய் வாங்கப் போகிற பாசாரில், கல்யாண வீட்டில், எங்கே கேட்டாலும் நின்றுவிடுவேன், யார் என்னைப் பார்க்கிறார்கள் என்று தேடுவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ரேடியோவில் நேயர் விருப்பம். என் முழுப் பெயரைச் சொல்லி, அம்மாவுக்காக மகள் கேட்டது என்று அந்தப் பாட்டையே போட்டார்கள். மூத்தவள்தான் கார்டு போட்டிருக்கிறாள். "இந்தப் பாட்டு வந்தா வேலைய விட்டுட்டு நிக்கிறீங்களே, பிடிக்கும்னு நெனச்சேம்மா" என்று பூரித்து நின்றாள். பாதிப் பாட்டில் அவள் முகம் மாறியது. "அம்மா, நம்ம பச்சைச் சேல எங்க?" என்றாள். "சோறு ஆறுது, சாப்பிடு" என்றேன்.

அதற்குப் பிறகு அப்பா எப்போது வருவார் என்று அவள் கேட்டதே இல்லை. நானும் சொன்னதில்லை. என் வாயை அடைத்தது வெட்கமா, வீம்பா என்று இன்றைக்கும் எனக்கே விளங்கவில்லை. எனக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் வரும். இதை நான் சொல்லச் சொல்ல எழுதுகிறது அவள் பெற்ற மகள்.

எழுதினதைப் படி கண்ணு. முணுமுணுக்காதே. சமையல்கட்டில் நிற்கிற உன் அம்மாவுக்குக் கேட்க வேண்டும்.