முகம் அசையாத இளவரசி

பேத்தி போனில் கார்ட்டூன் படம் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் ஒரு பெண் அழுதாள். புருவம், உதடு, மூக்கு நுனி எல்லாம் துடித்தன. "எவ்ளோ நெஜமா அழுவுறா பாருங்க!" என்றாள். எனக்கு சிதம்பரம் சினிமாக் கொட்டகையின் பீடி வாசனை வந்துவிட்டது.

அறுபதுகளில் அங்கே ஒரு வெளிநாட்டுக் கார்ட்டூன் படம் வந்தது. பாஷை யாருக்கும் புரியவில்லை. அத்தாவின், அதாவது என் அப்பாவின், தங்கையை நாங்கள் மாமி என்போம்; அவர்தான் கூட்டிப்போனார். மேகத்தால் ஆன குதிரை ஒன்று இளவரசியைச் சுமந்து பறக்கும். எவ்வளவு தூரம் பறந்தாலும் அதே மலை, அதே மரம்தான் செக்கு சுற்றுவதுபோலத் திரும்பத் திரும்ப வரும். ஆனால் காய்ந்த ஊருக்காக அந்தக் குதிரை மழையாகக் கரைந்ததே, அந்த நீலத்தை அதற்குப் பிறகு நான் எந்தப் படத்திலும் பார்த்ததில்லை.

குதிரை போனதும் இளவரசி அழுதாள். கண்ணீர் மட்டும் உருண்டது. முகத்தில் ஒரு கோடுகூட அசையவில்லை. வரைந்தவர்களின் சோம்பல்தான், வேறென்ன?

"பொம்ம அழுவுது டோய்!" என்று ஒருவன் கத்த, இருந்த கொஞ்சம் பேரும் சிரித்தார்கள். மாமி சிரிக்கவில்லை.

"சரியாத்தான் வரைஞ்சிருக்கான்" என்றார்.

அடுத்த வாரம் மாமியின் கணவர் சிங்கப்பூர் கப்பலைப் பிடிக்க, சிதம்பரத்தில் ரயில் ஏறினார். "போயிட்டு வர்றேன்" என்றார். மாமி தலையாட்டினார். கண்ணீர் முக்காட்டில் சொட்டியது. முகம் அசையவே இல்லை.

பேத்தி பதிலுக்காக என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாத்தான் அழுவுறா" என்றேன். "ஆனா மூஞ்சி ரொம்ப அசையுது."