டாக்டர் பிலோமினா கையை உயர்த்திக் காட்டிய நாள்

செய்தியைச் சொன்னவர் செல்விதான். "சார், டாக்டரம்மா போய்ட்டாங்க. சேர்ல உட்கார்ந்துக்கினு இருந்தவங்க அப்படியே சாஞ்சிட்டாங்களாம். ஜல்தியா திண்டிவனம் வாங்க" என்றார். அடுத்த பஸ்ஸில் ஏறினேன்.

திண்டிவனத்தில் பல் மருத்துவம் பார்த்தவர் டாக்டர் பிலோமினா. தம்மிடம் வரும் பெண்கள் பலருக்குத் தாடை எலும்பு வயதுக்கு மீறித் தேய்ந்திருப்பதைக் கண்டு, உடம்பு முழுக்க இப்படித்தானா என்று யோசிக்கத் தொடங்கியவர். எலும்பு கரையும்போது அதன் அடையாளங்கள் சில எச்சிலிலும் கலக்கும். அதை வைத்து நோயை முன்கூட்டியே சந்தேகிக்க முடியுமா என்று பார்க்கும் ஆய்வு ஒன்றில் சேர்ந்து, ஊர் ஊராகப் போய் எச்சில் சேகரித்தார்.

அந்த ஆய்வில் பெயர் பதியும் வேலை பார்த்த நான் அவரை முதலில் பார்த்தது வல்லம் பக்கத்து முகாம் ஒன்றில். வாயைக் கொப்பளித்துவிட்டுத் தலையைக் குனிந்து உட்கார வேண்டும். எச்சில் தானாகக் குழாய்க்குள் இறங்க வேண்டும். "துப்பாதீங்க, ஒழுக விடுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"எங்க மாமியாவைக் கூட்டியாரட்டுமா டாக்டரம்மா? கறிக்கொழம்பு வாசனை காட்டினா கொடமே ரொம்பிடும்" என்றார் வரிசையில் நின்ற ஒரு பெண்.

"கூட்டிக்கினு வா. கறிய மட்டும் நீயே தின்னுடாத" என்றார் டாக்டர்.

அந்த வரிசையில் செல்வியும் இருந்தார். நிலக்கடலைக் கொல்லையில் மல்லாட்டை பறிக்கிற வேலையிலிருந்து வந்திருந்தார். எச்சில் சோதனை சந்தேகத்தைக் காட்டியது. புதுச்சேரியில் எடுத்த ஸ்கேன், எலும்பு மெலிவு என்று உறுதி செய்தது. முடிவைச் சொல்ல டாக்டர் அவருடைய கணவன் ஏழுமலையை அழைத்தார். மனைவியின் நோயைக் கணவனிடம் சொல்வதுதான் அந்தப் பக்கத்து மருத்துவர்கள் பலரின் வழக்கம். "இவங்க எலும்பு மெலிஞ்சிருக்கு. லேசா விழுந்தாலே ஒடைஞ்சிடும். பார்த்துக்குங்க" என்றார். ஏழுமலை கவனமாகக் கேட்டுக்கொண்டான்.

சில மாதங்கள் கழித்து, சோறு ஆறிப்போயிருந்தது என்பதற்காக அவன் செல்வியை மண்வெட்டிக் காம்பால் அடித்தான். முடியைப் பிடித்து மாட்டுக் கொட்டகை வரை இழுத்துப்போய் அடித்தான். இடது முன்கை, விலா, தாடை என எல்லாம் உடைந்தன. விழுப்புரத்தில் மருத்துவமனைக் கட்டிலில் நான் பார்த்தபோது தாடையைக் கம்பியால் கட்டியிருந்தார்கள். அவரால் பேச முடியவில்லை. வெளியே நின்று ஏழுமலை பேசிக்கொண்டிருந்தான்.

"தடுக்கி வுழுந்துட்டா சார். எலும்பு வீக்கு. டாக்டரம்மாவே சொன்னாங்க, கேட்டுப் பாருங்க."

இதை நான் டாக்டரிடம் சொன்னபோது அவர் கையுறையைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "கம்பை அவன் எடுத்தான் சார். காரணத்தை நான்தான் எடுத்துக் குடுத்திருக்கேன்" என்றார்.

வழக்கு நடந்தது. செல்வியின் அண்ணன் திண்டிவனத்துக்கு வந்து கெஞ்சினார். "எச்சில் டெஸ்ட்டப் பத்தி வாயே தொறக்காதீங்கம்மா. தொறந்தா அவன் வெளிய வந்துடுவான். வந்தா இந்தத் தபா கொன்னே போட்டுடுவான்."

"கேட்டா சொல்லுவேன்பா" என்றார் டாக்டர். அண்ணன் திட்டிவிட்டுப் போனார்.

விழுப்புரம் நீதிமன்றத்தில் சாட்சிக் கூண்டில் நின்ற டாக்டரிடம் ஏழுமலையின் வக்கீல் முதல் கேள்வியாகவே அதைக் கேட்டார். "லேசாக விழுந்தாலே இந்த அம்மாவின் எலும்பு உடையும் என்று சொன்னது நீங்கள்தானே?"

"நான்தான்."

ஏழுமலை சிரித்தான். வக்கீல் அதோடு நிறுத்தியிருக்கலாம். "அப்படியானால் இதுவும் விழுந்ததில் உடைந்ததுதானே?" என்றார்.

டாக்டர் தம் இடது கையை முகத்துக்கு மேலே தூக்கினார். "விழறவ கையைக் கீழே ஊனுவா. மணிக்கட்டு ஒடையும். அடி வாங்கறவ இப்படி மேலே தூக்குவா. ஒடையறது இங்கே" என்று முன்கையின் நடுவைத் தொட்டுக் காட்டினார். "எக்ஸ்ரே உங்க முன்னாடி இருக்கு, பாருங்க. எலும்பு மெலிஞ்சதுதான். அது தெரிஞ்சுதான் இவர் அடிச்சிருக்கார். தெரியப்படுத்தினவ நான்."

ஏழுமலை சிறைக்குப் போனான். அந்த வாரமே அவனுடைய பங்காளிகள் கடப்பாரையோடு கிளினிக்கில் நுழைந்தார்கள். நாற்காலியைப் பிளந்தார்கள், கண்ணாடியை நொறுக்கினார்கள், எச்சில் குழாய்களைத் தரையில் வீசி உடைத்தார்கள். கல் ஒன்று டாக்டரின் புருவத்தைக் கிழித்தது. ரத்தம் கண்ணில் இறங்க, வெறுங்காலுடன் நின்ற ஒருவனைப் பார்த்து, "செருப்பு போட்டுக்கினு வந்து ஒடைப்பா, கீழெல்லாம் கண்ணாடி" என்றாராம்.

தையல் பிரித்ததும் மீண்டும் முகாமுக்குப் புறப்பட்டார். ஒன்றை மட்டும் மாற்றிக்கொண்டார். முடிவைச் சொல்லும்போது கணவன் அறையில் இருக்கக் கூடாது. முகையூரில் ஒருவன் கதவை எட்டி உதைத்தான். "எம் பொண்டாட்டி, எனக்குத் தெரியக் கூடாதா?"

"அவங்க ஒடம்பு. அவங்களா சொன்னா கேட்டுக்கோ" என்று உள்ளிருந்தே பதில் சொன்னார்.

அடக்கத்தன்று ஏழுமலை கல்லறைத் தோட்டத்து வாசலில் நின்றான். தண்டனை முடிந்து வந்திருந்தான். செல்வியைக் கண்டதும் நெருங்கி வந்தான். "இன்னா செல்வி, எளச்சிக்கீற. எலும்பு இப்போ எப்படிக் கீது?"

செல்வி பின்வாங்கவில்லை.

"அத உனுக்குச் சொல்ல மாட்டேன்" என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி.

பிறகு உள்ளே போய்க் குழியில் ஒரு பிடி மண் போட்டார். அவன் வாசலைத் தாண்டவில்லை. போய் வாருங்கள், டாக்டர்.