பாடியவர்: யோகராணி

கியூபெக்கில், வில்லரே என்ற பகுதியில் யோகராணி வேலை செய்த தையல் தொழிற்சாலையில், 1993ஆம் ஆண்டு குளிர் தொடங்கிய கையோடு கழிப்பறைக்குப் பூட்டுப் போட்டார்கள். சாவி வேலையை மேற்பார்க்கும் ஃபோர்மனிடம் இருக்கும். வேண்டியவர்கள் அவனிடம் போய்க் கேட்க வேண்டும். மணிக்கூட்டைப் பார்த்துவிட்டுத் தருவான், சிலவேளை தரமாட்டான். யோகராணி யாழ்ப்பாணத்தில் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்தவள். நாற்பது வயதை நெருங்கும்போது கழிப்பறைக்கு அனுமதி கேட்டு நிற்பது அவளுக்குப் பொறுக்கவில்லை. சண்டை பிடித்தால் வேலை போகும். அதனால் மெஷின் இரைச்சலுக்குள் ஒரு பாட்டைக் கட்டினாள்.

பனி கொட்டுது வெளியிலை,
பஞ்சு கொட்டுது மூக்கிலை

என்று அது தொடங்கும். ஃபோர்மனின் தொப்பை, அவன் நடை, அவன் பூட்டு எல்லாம் பாட்டுக்குள் வந்தன. பக்கத்து மெஷினில் இருந்த றோசலின் சிரித்த சிரிப்பில் தையல் கோணலாக ஓடியது. ஒரு கிழமைக்குள் அந்த வரிசையில் இருந்த தமிழ்ப் பெண்கள் எல்லோருக்கும் பாட்டுப் பாடமாகிவிட்டது. ஃபோர்மன் அதைச் சாமிப் பாட்டு என்று நினைத்துக்கொண்டான்.

அடுத்த மாசியில் றோசலின் மகளின் பிறந்தநாளுக்கு ஸ்ரீலேகா என்ற பெண் வந்திருந்தாள். சென்னையிலிருந்து வந்து குடியேறிய எஞ்சினியர் கோவிந்தராஜனின் மகள். இங்கேயே வளர்ந்து, பல்கலைக்கழகத்தில் புலம்பெயர்ந்த பெண்களின் பாடல்களைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். கேக் வெட்டி முடிந்ததும் ஒரு சின்ன டேப் ரெக்கோர்டரை மேசையில் வைத்து, யாராவது பாடுவீர்களா என்று கேட்டாள். எல்லோரும் யோகராணியைப் பிடித்து முன்னால் தள்ளினார்கள். அவள் எழுந்து நின்று, ஒரு அடி விடாமல் பாடினாள்.

அதன்பிறகு இரண்டு வருடம் ஓடிவிட்டது. 1996 வசந்தத்தில் ஒரு ஞாயிறு மத்தியானம் ஸ்ரீலேகா தடித்த தாள்கட்டு ஒன்றோடு யோகராணியின் வீட்டுக்கு வந்தாள். ஆய்வேடு முடிகிறது, பாட்டின் மொழிபெயர்ப்பு சரியா என்று பார்க்க வேண்டும் என்றாள். யோகராணி மொழிபெயர்ப்பைப் பார்த்தாள். குறை சொல்ல ஒன்றும் இல்லை. பிறகு கடைசிப் பக்கங்களைப் புரட்டினாள். அங்கே ஒலிப்பதிவுகளின் பட்டியல் இருந்தது. கடையில் வாங்கிய கசற்றுகளுக்குப் பாடகர் பெயர், இசையமைத்தவர் பெயர், கொம்பனி, வருடம் என்று எல்லாம் ஒழுங்காக இருந்தன. அவளுடைய பாட்டு 'கோவிந்தராஜன், ஸ்ரீலேகா' என்ற பெயரின் கீழ் இருந்தது. பாட்டின் பெயருக்குப் பக்கத்தில், 'பாடியவர்: பெயர் குறிப்பிடப்படாத தொழிலாளி' என்று போட்டிருந்தது.

யோகராணி அந்த வரியில் விரலை வைத்தாள். "பிள்ளை, உங்கட அப்பாவோ இதைப் பாடினவர்?"

ஸ்ரீலேகாவுக்கு முகம் சிவந்துவிட்டது. பதிவு செய்தவர் பெயரைத்தான் முதலில் போட வேண்டும், குடும்பப் பெயர் முன்னால் வர வேண்டும், தனக்கு அப்பா பெயர்தான் குடும்பப் பெயர் என்று விளக்கினாள். யோகராணியின் பெயரை மறைத்தது அவளுக்கு நல்லதுக்காகத்தான் என்றும் சொன்னாள். "ஃபோர்மனைக் கிண்டல் பண்ற பாட்டு, அக்கா. உங்க வேலைக்கு ஏதாவது வந்துட்டா?"

"பேரைப் போடுங்கோ," என்றாள் யோகராணி.

ஸ்ரீலேகா தன் பேராசிரியையிடம் கேட்டுப் பார்த்தாள். முடியாது என்று பதில் வந்தது. யோகராணியின் கணவர் இரவிச்சந்திரனுக்கும் அதுதான் நல்லதாகப் பட்டது. துறைமுகத்தில் கொள்கலன் இறக்கும் வேலை அவருக்கு. பாட்டுக்குப் பெயர் போட்டு யாருக்கு என்ன லாபம், கிடைத்த வேலையைக் காப்பாற்றினால் போதாதா என்று இரண்டு நாள் முணுமுணுத்தார். யோகராணி அரைநாள் லீவு எடுத்துக்கொண்டு பல்கலைக்கழகத்துக்குப் போனாள்.

பேராசிரியை கியூபெக்காரி, ஐம்பது வயதிருக்கும். எழுந்து வந்து கை கொடுத்தார், கோப்பி வேண்டுமா என்று கேட்டார். பாடியவர்களுக்குத் தீங்கு வராமல் பார்ப்பது எங்கள் கடமை என்று பொறுமையாகச் சொன்னார். யோகராணிக்கு வகுப்பில் படித்த பிரெஞ்சு கொஞ்சம் இருந்தது. கோபத்தைச் சொல்ல அது காணாது. தமிழில் சொன்னாள், கூட இருந்த ஸ்ரீலேகா மொழிபெயர்த்தாள்.

"அந்த ஃபக்டரியிலை தமிழிலை பாடுறது ஆர் எண்டு ஃபோர்மனுக்குத் தெரியும். அகதி எண்டு வந்த நாளிலையிருந்து எல்லாரும் என்னை நம்பராலைதான் கூப்பிட்டவை. பயப்பிட வேணுமெண்டால் நான் பயப்பிடுறன். எனக்காக நீங்கள் பயப்பிட வேண்டாம்."

 பேராசிரியை ஒரு தாளை எடுத்து, அவள் பெயர் விதிப்படி எப்படி வரும் என்று எழுதிக் காட்டினார்: 'இரவிச்சந்திரன், யோகராணி'.

யோகராணி மறுத்துத் தலையை ஆட்டினாள். "நான் பாடேக்கை அவர் துறைமுகத்திலை பெட்டி இறக்கிக்கொண்டு நிண்டவர். இந்தப் பாட்டிலை அவருக்கு ஒரு பங்கும் இல்லை."

அதை மொழிபெயர்த்தபோது ஸ்ரீலேகாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பேராசிரியையும் சிரித்தார். கியூபெக்கில் இப்போது கல்யாணம் செய்யும் பெண்கள் சொந்தப் பெயரோடுதான் இருக்கிறார்கள், ஆனால் தன் அம்மா சாகும்வரை அப்பாவின் பெயரிலேயே இருந்தார் என்றார். அப்படியானால் தகப்பன் பெயரைப் போடலாமா என்று கேட்டார். அதுவும் வேண்டாம் என்றாள் யோகராணி. ஒற்றைப் பெயரில் அறியப்படும் பாடகர்கள் இருக்கிறார்கள், அவர்களை அப்படியே எழுத விதியில் இடம் உண்டு என்று ஸ்ரீலேகா மெல்ல எடுத்துக் கொடுத்தாள். பேராசிரியை கணவர் பெயரை வெட்டினார். 'யோகராணி' மட்டும் நின்றது. பாட்டைக் கட்டியவரும் பாடியவரும் அவள்தான் என்று கீழே சேர்த்தார்கள்.

பெயரே வேண்டாம் என்ற இரவிச்சந்திரன், தன் பெயர் வெட்டுப்பட்ட கதையைக் கேட்டதும் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தார். "என்ரை பேர் உமக்கு என்ன செய்தது?" யோகராணி அந்தக் கோப்பைக்குள் இன்னொரு கரண்டி சொதி விட்டாள்.

ஆய்வேடு புத்தகமாகக் கட்டப்பட்டு வந்தது. ஸ்ரீலேகா கொடுத்த பிரதியை யோகராணி றோசலினிடம் கொண்டுபோய்க் காட்டினாள். றோசலின் பட்டியலைப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள். பாட்டு வரும் பக்கத்தைப் பார்த்தபோது அவள் முகம் மாறியது.

சாவி அவன்ரை சட்டைப் பைக்குள்ளை,
சங்கடம் எங்கடை வயித்துக்குள்ளை

"இந்த ரெண்டு அடியும் என்ரை எல்லே?" என்றாள்.

பாட்டென்றால் ஆளுக்கொரு சொல் போடுவதுதானே என்று யோகராணி சமாளிக்கப் பார்த்தாள்.

"அண்டைக்குச் சாவி கேட்டுக் கிடைக்காமல் திரும்பி வந்து இருந்தது ஆரக்கா? நீங்களோ, நானோ?"

றோசலின்தான். கால்களை இறுக்கிக்கொண்டு இருந்து, பல்லைக் கடித்தபடி அந்த அடிகளைச் சொன்னவள் அவள்தான். பாட்டில் எல்லோரும் வாய்விட்டுச் சிரிக்கும் இடமும் அதுதான்.  தன் பெயர் தனியாக நிற்பது யோகராணிக்குப் பிடித்திருந்தது. அதைப் பங்கு போட மனம் வரவில்லை. ஆனாலும் தொலைபேசியை எடுத்தாள்.

புத்தகம் நூலகத்துக்குப் போய்விட்டது, நாலு பிரதி கட்டியாகிவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்றாள் ஸ்ரீலேகா. அவள் குரலில் களைப்பு இருந்தது.

"அப்ப நாலிலையும் ஒட்டுவம்," என்றாள் யோகராணி.

பேராசிரியை மறுக்கவில்லை. அந்த இரண்டு அடிகளும் றோசலின் கட்டியவை என்று ஒரு துண்டுத் தாளில் தட்டெழுதி, நாலு பிரதிகளிலும் பட்டியலுக்குக் கீழே ஒட்டினார்கள். ஒரு சனிக்கிழமை யோகராணியும் றோசலினும் மெட்ரோவில் போய், நூலகத்தில் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்கள். றோசலின் அந்தத் துண்டின் ஓரத்தைப் பெருவிரலால் அழுத்திவிட்டாள்.

திங்கட்கிழமை தொழிற்சாலையில் றோசலின் அந்தப் பாட்டை வாய்விட்டுப் பாடினாள். ஃபோர்மன் வந்து நின்று, அது என்ன பாட்டு என்று கேட்டான். அவள் யோகராணியைப் பார்த்தாள். யோகராணி மெஷினை நிறுத்திவிட்டு, தனக்குத் தெரிந்த பிரெஞ்சில், அடி அடியாக அர்த்தம் சொன்னாள். அங்கே வேலை செய்த போர்த்துக்கீசப் பெண்கள் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவன் காது சிவக்கக் கேட்டுவிட்டுப் போனான். வேலையிலிருந்து நிறுத்தவில்லை. அடுத்த நாள் யோகராணியை முன் வரிசையிலும் றோசலினைக் கடைசி வரிசையிலும் பிரித்து இருத்தினான். நடுவில் நாலு வரிசை இருந்ததால், பாட்டை இன்னும் சத்தமாகப் பாட வேண்டியிருந்தது.