பிள்ளையார் மறைத்த ஓட்டை

எங்கள் வீட்டுக்கு ஒரு காலத்தில் வண்டிக்கு இருப்பதுபோலச் சில்லுகள் இருந்தன என்று சொன்னால் என் பேரப்பிள்ளைகள் நம்புவதில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து அக்கராயனுக்கு வயல்காணி கிடைத்து வந்த இரண்டாம் வருடம். எனக்கு ஒன்பது வயது. முதல் போகம் கருகியதிலிருந்து அப்பா பேச்சையே குறைத்துவிட்டார். மாரியில் மண்குடில் ஒழுகி, அரிசிப் பானைக்குள் தவளை குடிவந்தது. அடுத்த மாரிக்கு முன் ஒழுகாத வீடு இல்லையென்றால் பிள்ளைகளோடு ஊருக்குப் போய்விடுவேன் என்று அம்மா சொல்லிவிட்டார். அம்மா சொன்னால் சொன்னதுதான். எனக்கோ அக்கராயன் குளத்தை விட்டுப் போக மனமேயில்லை.

அப்போதுதான் வவுனியாவிலிருந்து ஒரு பழைய சாமான் வியாபாரி, சில்லு பூட்டிய பலகை வீடொன்றை ட்ராக்டரில் கட்டி இழுத்து வந்து எங்கள் முற்றத்தில் நிறுத்தினார். யாரோ வெள்ளைக்கார எஞ்சினியர் குடியிருந்ததாம். கண்ணாடி ஜன்னல், மடிக்கிற கட்டில், மணம் மாறாத பச்சைப் பெயின்ற். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பார்த்து வாங்க மாமா வந்தார். அம்மாவின் தமையனான அவரைக் கேளாமல் அந்தப் பக்கத்தில் யாரும் எருது வாங்கியதில்லை. அந்த வீட்டு வண்டியை மூன்று முறை சுற்றினார். சில்லை உதைத்தார். விலாவில் தட்டினார். எட்ட நின்று தலையைச் சரித்துப் பார்த்தார். வாலைத் தூக்கிப் பார்க்காதது ஒன்றுதான் குறை.

உள்ளே சாம்பிராணிப் புகை. சுவரில் பெரிய பிள்ளையார் படம், செவ்வரத்தம்பூ மாலையோடு. மாமா செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். அத்தோடு பரிசோதனை முடிந்தது.

“சுவாமிப் படத்தை மட்டும் கழட்டிப் போடாதேங்கோ. அவர்தான் இதுக்குக் காவல்,” என்றார் வியாபாரி.

“சீச்சீ, கழட்டுவமே?” மாமா கன்னத்தில் போட்டுக்கொண்டார். “நல்ல பக்தியான மனிசன். நம்பி வாங்கலாம்.”

அப்பா கட்டிலை விரித்துப் படுத்துப் பார்த்தார். கால் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டு நின்றன. அதைப் பார்த்து அவரே சத்தமாகச் சிரித்தார்.

எல்லோரும் தேத்தண்ணி குடிக்க இறங்கியதும், சரிந்திருந்த மாலையைச் சரிசெய்ய நான் கட்டிலில் ஏறினேன். படம் விலகியது. பின்னால் பலகை கறுத்துக் கிடந்தது. தொட்டேன், விரல் உள்ளே போய்விட்டது. பெயின்றுக்கு அடியில் மண்ணிறக் கோடு ஒன்று, குளத்துத் தண்ணீர் வற்றும்போது அணைக்கட்டில் விடுமே, அதேபோல.

குசினிக்கு ஓடி அம்மாவிடம் சொன்னேன்.

“தெரியும். ஏறேக்கையே வெள்ளத்துக்க கிடந்த மணம் மணந்தது,” என்றார் அம்மா. “அப்பாவுக்குச் சொல்லாதை.”

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அம்மாவுக்கு அது ஒழுக வேண்டும், அதைச் சாட்டி ஊருக்குப் போக வேண்டும். அம்மா தேத்தண்ணி ஆற்றிக்கொண்டே நிற்க, வண்டி எங்களுடையதாகிவிட்டது.

அதிலே பால் காய்ச்சிக் குடியேறினோம். பழைய குடிலில் இனி ஆட்டைக் கட்டப் போவதாகச் சொல்லி அம்மா நாள்தோறும் கிடுகு பின்னி, கூரையைப் புதிதாக வேயவைத்தார். எங்களிடம் இருந்தது ஒரே ஒரு ஆடு. ஆட்டுக்கு அரண்மனை என்று மாமா கேலி செய்தார். அம்மா ட்றங்குப் பெட்டியிலும் ஏதோ அடுக்கினார். நான் மழை வரக்கூடாதென்று அந்தப் பிள்ளையாரிடமே நேர்ந்துகொண்டேன்.

முதல் மழை ஒரு காலையில் வந்தது. வெளியே பெய்ததைவிட உள்ளே கூடப் பெய்தது. பார்க்க வந்த மாமா உள்ளேயே குடை பிடித்துக்கொண்டு நின்றார். அப்பாவின் கால் பலகையை உடைத்துக்கொண்டு முழங்கால் வரை இறங்கியது. கடைசியில் காவல்காரரும் விழுந்தார். அவர் மறைத்திருந்த ஓட்டையால் தண்ணீர் கொட்டியது.

எல்லோரும் அம்மாவைப் பார்த்தோம். அவர் பிள்ளையாரைச் சேலைத் தலைப்பால் துடைத்து என் கையில் தந்தார். ட்றங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கினார்.

“நான் ஊருக்கு வரமாட்டன்!” என்று குளறினேன்.

அம்மா முப்பது அடி நடந்து குடிலுக்குள் போனார். அங்கே ஒரு சொட்டும் ஒழுகவில்லை. பெட்டிக்குள் காய்ந்த வேட்டி, நெருப்புப்பெட்டி, தேயிலை, சீனி. அப்பா வேட்டியை வாங்கிக்கொண்டார். ஆடுதான் முறைத்தது.

அடுப்பு மூட்டும்போது கேட்டேன்: “தெரிஞ்சும் ஏனம்மா வாங்க விட்டனீங்கள்?”

“அண்டைக்கு அப்பா கட்டிலில படுத்துச் சிரிச்சவரெல்லே, கண்டனியோ?”

கண்டேன் என்றேன். ஆனால், கேட்டதற்கு இதுவா பதில் என்று எனக்குக் கோபம் வந்தது. அக்கராயனுக்கு வந்த பிறகு அப்பா சிரித்தது அந்த ஒரு நாள்தான் என்பதை அம்மா கவனித்திருந்தார். நான் அன்று கட்டிலை மட்டுமே கவனித்திருந்தேன்.