தங்கமணி வயிற்றின் அதிகாரப்பூர்வப் பேச்சாளர்

மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கரும்பு போடும் சுப்புராயனுக்குத் தங்கமணி என்று ஒரு மனைவி உண்டு. அவளுக்குக் குரல் உண்டா என்பது ஊரில் இன்னும் நிரூபிக்கப்படாத செய்தி. பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதும் தையல்காரரிடம் ரவிக்கை அளவு சொன்னபோதும் பேசியவர் அவரே. ரவிக்கை இன்றுவரை இறுக்கிப் பிடிக்கிறது.

அவளுக்கு வயிறு உப்பிப்போய்க் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் மலர்விழி தங்கமணியைத்தான் கேட்டார்: "வெளிக்குப் போறதுல எதாவது தொந்தரவு இருக்காம்மா?"

தங்கமணி வாயைத் திறந்தாள்.

"எங்க வூட்ல அந்தப் பேச்சே கெடயாதுங்க. மில்லு சங்கு மாதிரி, டாண்ணு போவும்" என்றார் சுப்புராயன்.

தை மாசத்திலிருந்து ரத்தம் போவது அவளுக்கு மட்டுமே தெரியும். வெட்கத்தை விழுங்கிவிட்டுச் சொல்ல வந்தவள், சொல்ல வந்ததையும் சேர்த்து விழுங்கினாள்.

ஸ்கேனில் இரண்டு சூல்பையிலும் கட்டி. ஊசி குத்திச் சதை எடுத்ததில் புற்று என்று தெரிந்தது. அங்கேயே முளைத்ததா, வேறெங்கிருந்தோ பரவி வந்ததா என்பது தெரியவில்லை. இரண்டுக்கும் வைத்தியம் வேறாம்.

"சதைக்குச் சாயம் ஏத்திப் பாக்கணும். செல்லு எங்க போனாலும் பொறந்த எடத்து அடையாளத்த விடாது" என்றார் டாக்டர்.

சதை சென்னைக்குப் போனது. முடிவு இன்று வரும், நாளை வரும் என்றார்கள். தங்கமணிக்கு வயிற்றைவிட ஆத்திரம் வேகமாக உப்பியது. சதையை விசாரிக்கச் சென்னைவரை ஆள் இருக்கிறது. சதைக்குச் சொந்தக்காரியை விசாரிக்க நாதியில்லை!

ஒருவழியாக முடிவு வந்தது. "சூல்பைக்கான சாயம் சிகே-7, பேக்ஸ்-8 ரெண்டும் ஏறல. குடலுக்கான சிகே-20, சிடிஎக்ஸ்-2 நல்லா ஏறியிருக்கு. சூல்பைல ஆரம்பிச்சது இல்ல. பெருங்குடல்லருந்து வந்த மாதிரி இருக்கு. குடல்ல கேமரா விட்டு உறுதி பண்ணணும்" என்றார் டாக்டர்.

"சாயம் தப்புங்க மேடம். எங்க வூட்டுக் குடலு..."

"யோவ், கம்முனு இரு!"

சுப்புராயன் திரும்பி, யார் என்று பார்த்தார்.

"தை மாசத்துலருந்து வெளிக்குப் போறப்ப ரத்தம் போவுதும்மா" என்றாள் தங்கமணி.

"அன்னிக்கே கேட்டனேம்மா? மொதல்லயே குடலப் பாத்திருப்பமே!"

"கேட்டீங்க. அவரு சொல்லிட்டாரு."

"எங்கிட்டயாவது சொன்னியாடி?" என்றார் அவர்.

"சொல்ல வந்தேன். நீ பேசிக்கினு இருந்த."

வராந்தாவுக்கு வந்ததும் சுப்புராயன் மச்சானுக்குப் போன் போட்டார். "குடலுதான் மச்சான். எனக்கு அப்பவே ஒரு சந்தேகம்..."

தங்கமணி போனைப் பிடுங்கிக் காதில் வைத்தாள்.

"அண்ணா, நான் தங்கமணி பேசறேன்."

"சொல்லும்மா" என்றார் அண்ணன். "மாப்ள எங்க?"